நீலம் போன தண்ணீர்

ஜனவரி 5

தொண்ணூற்று எட்டு புள்ளி ஆறு. மூன்று முறை அளந்துவிட்டேன், மூன்று முறையும் அதேதான். நூறு பங்கு நீலச் சாயம் இருந்த தண்ணீரில் என் புளியங்கொட்டைத் தொலியைப் போட்டு இரண்டு மணி நேரம் குலுக்கினால் ஒன்றரைப் பங்குகூட மிச்சமில்லை. எட்டு வருடத்தில் இவ்வளவு நல்ல எண் எனக்கு வந்ததில்லை. சந்தோஷத்தைச் சொல்ல ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த டைரி ரசாயனக் கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதாவது ஓர் அமிலத்துக்கு விளம்பரம். இந்த வருடமாவது விடாமல் எழுத வேண்டும். மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவு காலாவதியாகிவிடும். பிஎச்.டி. இல்லாத வேதியியல் ஆசிரியர்களை ஜூன் மாதத்தோடு அனுப்பிவிடப் போவதாகக் கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். எங்கள் துறையில் அப்படி இருப்பது நான் ஒருத்திதான். பன்மையில் போட்டிருப்பது மரியாதைக்காக இருக்கும்.

தலைப்பையும் எழுதி வைக்கிறேன்: விலையில்லாத வேளாண் கழிவுகளைக் கொண்டு சாயக் கழிவுநீரிலிருந்து நீலச் சாயத்தை நீக்குதல். கழிவுநீர் என்று பெயரே தவிர, காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில், கடையில் வாங்கிய நீலத்தை நானே கரைக்கிறேன். நானே அழுக்காக்கி நானே சுத்தம் செய்கிறேன். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

ஜனவரி 9

ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரையைப் படித்த மூன்று பேரில் இரண்டு பேர் பிரசுரிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஆசிரியர் இதை உண்மையான கழிவுநீரில் செய்து பார்த்தாரா? மனிதருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

வழிகாட்டி லட்சுமிபதி சாரிடம் போனேன். இதுவரை நாற்பத்தொரு பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். நெல் உமியில் ஒன்பது பேர், கடலைத் தொலியில் ஏழு பேர், வாழைத்தோலில் நாலு பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார். எட்டு வருடம் முன்பு நான் போய் நின்றபோது பட்டியலைப் பார்த்துவிட்டு, "புளியங்கொட்டை காலியா இருக்கும்மா" என்றார், பேருந்தில் சீட்டு இருப்பதைச் சொல்வதுபோல. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, எங்காவது ஒரு பட்டறையில் ஒரே ஒரு தடவை செய்து ஒரு பக்கம் சேர்த்துவிடச் சொன்னார். சென்னிமலைப் பக்கம் தெரிந்த ஒருவர் நூலுக்குச் சாயம் போடுகிறாராம். எண் கொடுத்தார்.

ஜனவரி 17

பொங்கல் மூன்று நாளும் அடுப்படியிலேயே போயிற்று. இன்று புளியங்கொட்டை ஆலைக்குப் போனேன். கொட்டையை வறுத்துத் தொலியை நீக்கி, உள்ளே இருக்கும் பருப்பை மாவாக்கி, தறியில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி போட அனுப்புகிறார்கள். ஆய்வகத்துக்கு இத்தனை வருடமும் ஒரு பை தொலி போதுமாக இருந்தது. இப்போது நாலு மூட்டை வேண்டும். கேட்டதும் ஆலைக்காரர் முகம் மாறிவிட்டது. தொலியை நான் தூக்கிக்கொண்டு போனால் அடுப்புக்கு எதைப் போட்டு அவர் கொட்டையை வறுப்பது? அதைத்தான் எரிக்கிறார்களாம்.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ‘எவ்விதப் பயனுமின்றி வீசியெறியப்படும்’ என்று எழுதியிருக்கிறேன். ‘எவ்விதப்’ என்பதை ‘பெரிய’ என்று திருத்தினேன். விலையில்லாக் கழிவுக்குப் பதிலாக அவருக்கு ஒரு வண்டி விறகு வாங்கிக் கொடுத்தேன். அதைப் பற்றி ஆய்வேட்டில் எழுத இடமில்லை.

ஜனவரி 22

சாயப்பட்டறை. உரிமையாளர் பெயர் சென்னியப்பன், ஐம்பத்தைந்து வயது இருக்கும். போர்வை நெய்கிறவர்களுக்கு நூலில் நீலம் ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். இரண்டு கையும் முழங்கை வரை நீலம். கும்பிட்டபோது கடவுள் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல இருந்தது.

தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூலை அவர் உள்ளே வைத்துப் பார்ப்பதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் ஷேடு சரியா இல்லையா என்று சொல்கிறார். டியூப்லைட் பொய் சொல்லுமாம், வெயில் சொல்லாதாம். எங்கள் ஆய்வகத்தில் ஆறு லட்ச ரூபாய்க்கு நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ எந்திரம் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பட்டறைக்குப் பின்னால் ஓடை. மழை இல்லாத காலத்தில் அதில் ஓடுவது இவருடைய தண்ணீர்தான், பளிச்சென்ற நீலத்தில். கீழ்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவதும், அதிகாரிகள் இரண்டு தடவை வந்து எச்சரித்ததும் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். மூன்றாவது தடவை வந்தால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்களாம். இவ்வளவு பயந்த மனிதரிடம் இவ்வளவு வெளிப்படையான பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஏனுங்க டீச்சர், கலரு போறது சரி. உப்பும் போயிருமுங்களா?"

நூலில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உப்பு என் ஆய்வுத் தலைப்பில் இல்லை என்று சொன்னேன். சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். தலைப்பு என்பது அரசாங்க உத்தரவு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஜனவரி 23

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். இட்லிக்கு அரைத்தேன். ஒரு வரியும் எழுதவில்லை.

பிப்ரவரி 3

வெறும் தொலியை வைத்துச் சென்னியப்பனின் நீலத்தை அசைக்க முடியவில்லை. அவருடைய நீலம் வேறு ஜாதி, நான் கரைத்த நீலம் வேறு ஜாதி. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தொலியை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிப் போட்டதும் பிடித்துக்கொண்டது. கழுவிய அமிலத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று சென்னியப்பன் கேட்டார். வேறு எங்கே, ஓடையில்தான்.

பட்டறைக் கொல்லையில் மூன்று பிளாஸ்டிக் பீப்பாய்களை அடுக்கி, தொலியை நிரப்பி, நீலத் தண்ணீரை மேலிருந்து விட்டிருக்கிறோம். மூன்று நாள் ஊற வேண்டும்.

பிப்ரவரி 6

தொண்ணூற்றேழு புள்ளி எட்டு!

மாதிரியைக் கல்லூரிக்கு எடுத்துப் போய் எந்திரத்தில் வைத்து மூன்று முறை அளந்தேன். உண்மையான பட்டறை, உண்மையான தண்ணீர், அதிலும் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. மூன்றாமவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். எட்டு வருடம்.

மாலையில் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். சென்னியப்பன் பீப்பாயின் அடியிலிருந்து ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தார். வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீலம் சுத்தமாப் போயிருச்சுங்க டீச்சர். ஆனா இது வேற ஷேடு வந்திருக்குதுங்களே."

பார்த்தேன். நல்ல பழுப்பு. எந்திரத்தில் வைக்கிற விரலளவுக் கண்ணாடிக் குழாயில் அது வெளிறித் தெரிந்தது, நான் கவனிக்கவில்லை. பாட்டிலில் மறைக்க வழியில்லை. தொலியில் இருக்கும் துவர்ப்புச் சாறு தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை தொலி போட்டேன், இங்கே மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 7

பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து, "பால் தீர்ந்துருச்சா, கடுங்காப்பி போட்டுட்டியா?" என்று கையை நீட்டினார். பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். கோபம் எதற்கு என்று புரியாமல் மனிதர் கடையில் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 10

யோசித்துப் பார்த்தால் எந்திரத்தின் மேல் தப்பே இல்லை. நீலம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டோம், நீலத்தைப் பற்றி மட்டும் சொன்னது. பழுப்பு இருக்கிறதா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. இன்று கேட்டேன். இருக்கிறதாம், நிறையவே.

லட்சுமிபதி சாரிடம் பாட்டிலோடு போனேன். பாட்டிலை அவர் பார்க்கக்கூட இல்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"நீ என்ன எடுக்கறேன்னு எழுதியிருக்கேம்மா? நீலம். எடுத்துட்டியா? எடுத்துட்டே. அப்புறம் என்ன?"

மற்ற நாற்பத்தொரு பேருக்கும் பழுப்பு வந்திருக்குமா என்று கேட்டேன். யாரும் இவ்வளவு பெரிய பாட்டிலில் பிடித்துப் பார்த்ததில்லை என்றார்.

பிப்ரவரி 14

பக்கம் 143-இல் ‘சுத்திகரிக்கப்பட்ட நீரில் பழுப்பு நிறம் காணப்பட்டது’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். நேர்மையாக எழுதிவிட்ட திருப்தியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15

‘பழுப்பு நிறம்’ என்பதை ‘இலேசான இயற்கை நிறம்’ என்று மாற்றினேன். படிக்க நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 19

பக்க எண்ணிக்கை கூடிவிட்டது. எங்காவது குறைக்க வேண்டியிருந்தது. பக்கம் 143-இல் ஒரு பத்தியை எடுத்தேன்.

மார்ச் 4

நீலம் ஊறிய பழைய தொலியை என்ன செய்வது என்று ஆய்வேட்டில் ஒரு பகுதி எழுத வேண்டும். சென்னியப்பனைக் கேட்டேன். காயவைத்துச் சாயத் தொட்டிக்கு அடியில் எரிக்கிறாராம், நன்றாக எரிகிறதாம், புகை மட்டும் கொஞ்சம் தொண்டையைக் கமறுகிறதாம். ‘பயன்படுத்திய தொலி எரிபொருளாக மீட்கப்படுகிறது’ என்று எழுதினேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்று உப்பையும் அளந்தேன். உள்ளே போன தண்ணீரில் எவ்வளவு இருந்ததோ வெளியே வந்ததிலும் அவ்வளவு இருக்கிறது, ஒரு துளி கூடுதலாகத்தான். சாதாரணக் கிணற்றுத் தண்ணீரைப்போலப் பதினோரு மடங்கு. எண்களை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். உப்பு என் தலைப்பில் இல்லை. தலைப்பை நான் வைக்கவில்லை.

மார்ச் 27

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதி, நீல அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழக அலுவலகத்தில் வாங்கி வைத்த பெண் அட்டைக் கலர் நன்றாக இருக்கிறது என்றாள். வெளியே வந்து ஒரு பன்னீர் சோடா குடித்தேன். வேலை பிழைத்துவிடும். முதல்வரிடம் ரசீதைக் காட்டியதும், பட்டம் வரும்வரை பொறுத்திருப்பதாகச் சொல்லி உட்காரச் சொன்னார். இந்தக் கல்லூரியில் பதினோரு வருடத்தில் அவர் அறையில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

மே 11

சென்னியப்பனிடமிருந்து போன். இப்போது எட்டுப் பீப்பாய் வைத்து எல்லாத் தண்ணீரையும் தொலி வழியாகத்தான் விடுகிறாராம். அதிகாரிகள் வந்து ஓடையைப் பார்த்தார்களாம், நீலம் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். சத்தம் போட வந்த தோட்டக்காரர்களும் வருவதில்லையாம். "மண்ணுத் தண்ணியாட்டம் ஓடுதுங்க டீச்சர். ஆரும் ஒண்ணும் கேக்கறதில்லைங்க" என்றார். குரலில் அவ்வளவு நன்றி.

நல்லது அண்ணா என்று சொன்னேன். உப்பைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சிக்னல் சரியில்லை.

ஜூலை 2

ஆய்வேட்டைத் திருத்தியவர்களின் அறிக்கைகள் வந்துவிட்டன. இரண்டுமே பாராட்டு. ஒருவர் பக்கம் 143-இல் இருந்த எழுத்துப் பிழையைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கம்வரை ஒரு மனிதர் படித்திருக்கிறார் என்று தெரிந்ததும், எடுத்த பத்தி அங்கே இல்லைதானே என்று என் பிரதியைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18

வைவா முடிந்தது. நான் டாக்டர் நாகமணி.

மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது நடைமுறை. லட்சுமிபதி சாரின் மாணவர்கள் நாலு பேருக்கு முந்தின நாளே நாலு கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, பதிலை நானும் மனப்பாடம் செய்திருந்தேன். மதியச் சாப்பாட்டில் பனீர் இருக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார், வெளியூர்த் தேர்வாளர் சைவம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. தேர்வா கல்யாணமா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

நாலு கேள்வியும் நல்லபடியாக முடிந்தன. ஒருவன் மட்டும் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துத் திணறினான். வேறு கேள்வி உண்டா என்று தேர்வாளர் கேட்டார். கடைசி வரிசையில் சென்னியப்பன் எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நீலக் கை. அழைப்பிதழ் கொடுத்தது நான்தான். பழுப்பைக் கேட்கப் போகிறார், அல்லது உப்பை.

அவர் கேள்வியே கேட்கவில்லை. பாராட்ட எழுந்திருக்கிறார்.

"முன்னெல்லாம் ஓடையில நீலமா ஓடும், ஒரு மாடுகூட வாய் வெக்காதுங்க. இப்ப டீச்சரு புண்ணியத்துல கலரு போயிருச்சுங்களா, கீழ்த் தோட்டத்துக்காரங்க மோட்டார் போட்டு மஞ்சளுக்கே பாய்ச்சறாங்கங்க."

கைதட்டல். சொல்லிக் கொடுக்காமல் விழுந்த கைதட்டல் அது ஒன்றுதான். தேர்வாளர் முகம் மலர்ந்து, ஆய்வின் சமூகப் பயன் என்று குறித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா, விவசாயிங்க பாசனத்துக்கே எடுத்துக்கறாங்களா?"

ஐந்தாவது கேள்வி. இதற்கு நான் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. பதினோரு மடங்கு என்பது மட்டும் நினைவில் இருந்தது. லட்சுமிபதி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆமாம் சார் என்றேன்.

ஆகஸ்ட் 21

பேப்பரில் வந்துவிட்டது. ‘புளியங்கொட்டைத் தொலியால் சாயக் கழிவு சுத்தம், பேராசிரியை சாதனை’ என்று நாலு பத்தி. பட்டுப்புடவையில், பொன்னாடையோடு என் படம். தண்ணீர் பாசனத்துக்கு ஏற்றது என்று நான் தெரிவித்ததாகப் போட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம் சார் என்று மட்டும்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர் பத்துப் பிரதி வாங்கி வந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24

கீழ்த் தோட்டத்துக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். கல்லூரியில் பாராட்டு விழா.

ஆகஸ்ட் 27

போகலாம் என்று வண்டியை எடுத்தேன். காற்று இறங்கியிருந்தது.

ஆகஸ்ட் 28

காற்று அடித்தாயிற்று. துணி நிறையச் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 1

வேலை நிரந்தரம். உத்தரவுக் கடிதத்தில் ‘முனைவர்’ என்று போட்டிருக்கிறது. அறை வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாணவியை எனக்கே அனுப்பி வைக்கப் போவதாக லட்சுமிபதி சார் சொன்னார், பனங்கொட்டை காலியாக இருக்கிறதாம்.

ராத்திரி இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை, யாருக்கு எழுதுகிறேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 6

ஞாயிறு. காலை எட்டு மணிக்கே கிளம்பினேன். வெயிலுக்குத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரியும்படி கட்டிக்கொண்டேன். மேகமூட்டம்தான், இருந்தாலும் எப்போது வெயில் வரும் என்று சொல்ல முடியாது.

ஓடை பழுப்பாக, யாருக்கும் சந்தேகம் வராத நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையிலிருந்து அரைக் கிலோமீட்டர் கீழே முதல் தோட்டம். ஓர் ஏக்கர் மஞ்சள். இந்நேரம் இடுப்பளவுக்கு வந்து பச்சைப்பசேலென்று நிற்க வேண்டிய பயிர் முழங்காலைத் தாண்டவில்லை. இலையின் நுனியெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகியிருந்தது. ஓடையில் குழாயைப் போட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். பெயர் கருப்பாத்தாள், ஐம்பதுக்குள் இருக்கும், தோட்டம் அவருடையதுதான். யார் என்று கேட்டார். மண் பரிசோதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னேன். வாயில் தானாக அப்படி வந்துவிட்டது. இலை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, உரம் கூடிவிட்டதோ என்னமோ என்றார். மருந்து இரண்டு தடவை அடித்தாராம், கேட்கவில்லையாம். இந்த வருஷம் மஞ்சளை நம்பித்தான் மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறாராம்.

தண்ணீர்தான் காரணமாக இருக்கும் அக்கா, இதைப் பாய்ச்ச வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என்னை மோட்டார் அறைக்குக் கூட்டிப் போனார். கதவின் உட்புறம் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது, பேப்பரில் வந்த நான்.

"இந்த டாக்டரம்மா பரிசோதன பண்ணிச் சரின்னு சொன்ன தண்ணிங்க அம்மிணி. பேப்பர்லயே போட்டிருக்குது, பாருங்க."

வாயில் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா, உப்புக் கரிக்கவில்லையா என்று கேட்டேன். கரிக்கிறது என்றார், சாதாரணமாக.

"வேலை முடிஞ்சு வாய் கொப்புளிச்சா ஒரே உப்புங்க. மொதல்ல தண்ணிதான் கெட்டுப்போச்சாட்டன்னு நெனச்சேன். பேப்பர்ல வந்த பொறவுதான், என்ற நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுது. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு வாரமாச் சாப்பிடறனுங்க."

மாத்திரையை நிறுத்துங்கள், மோட்டாரையும் நிறுத்துங்கள், உங்கள் நாக்கில் ஒன்றும் இல்லை, தண்ணீரில்தான் உப்பு என்று படபடவென்று சொன்னேன். எவ்வளவு உப்பு என்பதையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை, இந்தப் பெண் யாரோ எவரோ என்கிற பார்வைதான்.

"உங்க பேச்சக் கேட்டு நிறுத்த முடியுமுங்களா அம்மிணி? அந்த டாக்டரம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்த நிமிசமே நிறுத்திப்போடறேன்."

பின்கழுத்தில் கையை விட்டேன். துப்பட்டா முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.